டாக்டர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள்

"சரக்கு உள்ள ஆளுதான், ஆனா சொல்லித்தரத் தெரியல." பல்கலைக்கழகம் போன எல்லாருமே கேண்டீனில் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்போம். நான் பொறியியல் படித்த காலத்திலும் ஒவ்வொரு செமஸ்டரும் யாராவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிட்டு, நாமே யூடியூப் பார்த்துப் படித்துக்கொள்வோம். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்து சொல்லித்தர ஒருவர் மக்தாப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்க முனைவர் பட்டம் போதும். இது ஏன் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை என்று தேடியபோதுதான் மருத்துவக் கல்வியின் வரலாற்றுக்குள் போனேன்.

மருத்துவத்துக்கும் கற்பித்தலுக்கும் உறவு பழையது. 'டாக்டர்' என்ற சொல்லே 'கற்பி' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியிலும் கலையை அடுத்தவருக்குச் சொல்லித்தருவேன் என்ற வாக்கு இருக்கிறது. ஆனால் எப்படிச் சொல்லித்தருவது என்பதை யாரும் டாக்டர்களுக்குச் சொல்லித்தரவில்லை. 1910-இல் ஆப்ரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி அறிக்கை எழுதினார். அதற்குப் பிறகு தரமற்ற கல்லூரிகள் பல மூடப்பட்டன. ஆய்வுக்கூடமும் ஆராய்ச்சியும் கல்லூரிக்குள் வந்தன. அதோடு ஓர் எண்ணமும் வேரூன்றியது: நல்ல ஆராய்ச்சியாளர் என்றால் நல்ல ஆசிரியராகவும் இருப்பார்.

1950களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் சிலர் இந்த எண்ணத்தைக் கேள்வி கேட்டார்கள். அவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர். நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போது ஆதாரம் கேட்கிற டாக்டர், வகுப்பில் மட்டும் தன் ஆசிரியர் செய்ததையே அப்படியே செய்கிறார். அங்கே ஆதாரம் எங்கே? இந்தக் கேள்வியோடு அவர் கல்வியியல் துறையின் கதவைத் தட்டினார். அங்கிருந்து வந்தவர் ஸ்டீபன் ஆப்ரகாம்சன். மருத்துவப் பேராசிரியர்கள் கருத்தரங்குகளில் மாணவர்களைப்போல உட்கார்ந்து, மனிதன் எப்படிக் கற்கிறான் என்று விவாதித்தார்கள். மருத்துவர் அல்லாத ஒருவர் மருத்துவப் பேராசிரியருக்கு வகுப்பு எடுப்பது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை.

1959-இல் மில்லர் சிகாகோவிலுள்ள இலினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய், மருத்துவக் கல்விக்கென்றே ஒரு பிரிவை வளர்த்தார். அங்கே கிறிஸ்டின் மெக்வாயர் தேர்வுத்தாள்களைப் பிரித்துப் பார்த்தார். சிந்தனையைச் சோதிப்பதாக ஆசிரியர்கள் நம்பிய கேள்விகளில் பெரும்பாலானவை மனப்பாடத்தைத்தான் சோதித்தன. தெற்குக் கலிபோர்னியாவுக்குப் போன ஆப்ரகாம்சன், மயக்கவியல் மருத்துவர் ஜட்சன் டென்சனோடு சேர்ந்து 1960களில் 'சிம் ஒன்' என்ற கணினிப் பொம்மையை உருவாக்கினார். அது மூச்சு விடும், கண்மணி சுருங்கும், மருந்துக்கு ஏற்ப மாறும். பயிற்சி மருத்துவர் தப்பு செய்தால் பொம்மைதான் பாதிக்கப்படும். ஒரு பொறியாளனாக எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. கற்பித்தல் சரியில்லாதபோது அடிபடுவது யார் என்பதை ஓர் இயந்திரத்தை வடிவமைத்தே அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

1970களில் உலகச் சுகாதார நிறுவனம் இதை ஒரு சங்கிலியாக மாற்றியது. சிகாகோவில் பயிற்சி பெற்றவர்கள் வட்டார மையங்களில் மற்றவர்களுக்குப் பயிற்சி தருவார்கள். அவர்கள் தங்கள் நாட்டு ஆசிரியர்களுக்குத் தருவார்கள். கம்பாலா, ஷிராஸ், சிட்னி, இலங்கையின் பேராதனை என்று மையங்கள் வந்தன. இந்தியாவில் புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் உருவானது. 1977-இல் கில்பர்ட் எழுதிய கையேட்டை உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்டது. டாக்டர்கள் மட்டுமல்லாமல் தாதியர் உட்பட எல்லாச் சுகாதாரப் பணியாளர்களின் ஆசிரியர்களுக்கும் அது பொதுவானது. நம் நாட்டிலும் 1979-இல் உருவான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி, பாடங்களைத் தனித்தனித் துண்டுகளாக வைக்காமல் ஒருங்கிணைத்து, நோயாளியின் பிரச்சினையிலிருந்து கற்கும் முறையை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட வகுப்பில் லெக்சரர் பேசிக்கொண்டே இருக்க முடியாது. மாணவர்களைப் பேச வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

இந்த வரலாறு குற்றவாளிக் கூண்டில் நிற்பவரை மாற்றியது என்று நினைக்கிறேன். அதுவரை மாணவன் ஃபெயில் ஆனால் அவன் மக்கு, அவ்வளவுதான். மில்லருக்குப் பிறகு, பாடம் எப்படி நடத்தப்பட்டது என்றும் கேட்கலாம் என்றானது. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை மருத்துவம் படிக்க அனுப்பும் குடும்பங்கள் உள்ள நம் சமூகத்துக்கு இது சின்ன விஷயமல்ல. பாதியில் படிப்பை விட்ட பிள்ளைகளைப் பற்றி 'அவனுக்கு மண்டையில ஏறல' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

ஆனால் பயிற்சி என்றாலே தீர்வு என்றும் சொல்லிவிட முடியாது. 1990-இல் மில்லரே ஒரு பிரமிடு வரைந்தார். அடியில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்', பிறகு 'செய்து காட்டுவான்', உச்சியில் 'உண்மையில் செய்கிறான்'. மருத்துவ மாணவர்களை மதிப்பிட வரைந்தது அது. அதை ஆசிரியர்கள் மீது வைத்துப் பாருங்கள். இரண்டு நாள் பட்டறை, மதியம் பிரியாணி, மாலையில் சான்றிதழ். இதெல்லாம் பெரும்பாலும் அடித்தட்டிலேயே நின்றுவிடும். திங்கட்கிழமை வகுப்பில் அதே ஸ்லைடு ஓடினால் உச்சியை யார் பார்த்தது? சக ஆசிரியர் ஒருவர் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்து, பிறகு மனம்விட்டுப் பேசினால்தான் அது தெரியவரும். அதற்குப் பட்டறையைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் டியூஷன் எடுப்பீர்கள், சிலர் வேலையிடத்தில் புதியவர்களுக்குச் சொல்லித்தருவீர்கள். 'எத்தனை தடவ சொன்னாலும் புரியல' என்று வாய்வரை வரும்போது, எத்தனை விதமாகச் சொன்னோம் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் சொல்லியிருப்போம்.