மரப்பாச்சியும் மேஜ் நைட்டும்: தேங்கும் சரக்கு யார் தலையில்?

திருப்பதியில் கோவிந்தராஜசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் மரப்பாச்சி ஜோடிகளை உயர வாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். பக்கத்துத் தட்டிலேயே ரெசின் பிள்ளையார், ஃபைபர் பெருமாள், பிளாஸ்டிக் கருடன். புரட்டாசி நெருங்கினால் நவராத்திரிக் கொலுவுக்காகச் சித்தூர் கடைத்தெருவிலும் பொம்மை வியாபாரம் சூடு பிடிக்கும். சித்தூரில் வாங்குகிறவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். திருப்பதியில் வாங்குகிறவர் ரயிலைப் பிடிக்கப் போகும் யாத்ரீகர். இந்தச் சின்ன உருவங்களின் வியாபாரத்தை, கடல் கடந்த இன்னொரு சின்ன உருவ வியாபாரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

அந்த இன்னொன்று, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோர்டன் வைஸ்மன் தொடங்கிய விஸ்கிட்ஸ் நிறுவனத்தின் ‘மேஜ் நைட்’. மாயாஜாலப் போர்வீரர்களை மேசைமேல் நிறுத்தி ஆடும் விளையாட்டு. அதற்கான உருவங்களைச் சேகரிக்கவும் வேண்டும். சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. பிறகு கடைகளின் அலமாரிகளில் தேங்கியது.

ஒன்று வழிபாட்டோடு சேர்ந்தது, மற்றது பொழுதுபோக்கு. ஆனாலும் ஒப்பிட இடமிருக்கிறது. இரண்டையும் மக்கள் வருடக் கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். இரண்டும் சொந்தப் பணத்தைப் போட்டு நடத்தும் சிறு கடைகள் வழியாகவே பெரும்பாலும் கை மாறின. அளவுக்கு மீறி உற்பத்தி ஆகும்போது அடி விழுவது அந்தச் சிறு கடைக்குத்தான். ஏன் அப்படி, எந்தக் கடை தப்பிக்கிறது என்பதே கேள்வி.

இரண்டு உருவங்கள்

மரப்பாச்சி பெரும்பாலும் ஆண், பெண் ஜோடியாகவே வரும். செம்மரத்தில் செதுக்கியது என்றால் அடர்ந்த சிவப்பு. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும், பெண்ணுக்குக் கொண்டை, இருவருக்கும் தட்டையான பீடம். முகத்தில் நுணுக்கம் அதிகம் இராது. மீதியை வீட்டுப் பெண்கள் முடிக்கிறார்கள்: பழைய பட்டுப்புடவையின் சரிகை ஓரத்தை வெட்டிப் பாவாடை, மேல்துண்டு, மணிமாலை, நெற்றிச்சுட்டி. அடுத்த வருடம் அதே ஜோடிக்கு வேறு உடுப்பு. குழந்தைக்குச் சுரமோ வீக்கமோ வந்தால், செம்மரப் பொம்மையையே கல்லில் உரைத்துப் பற்றுப்போட்ட பாட்டிகளும் உண்டு.

மேஜ் நைட் உருவம் இரண்டு விரலுக்குள் அடங்கும் பிளாஸ்டிக். ஆலையிலேயே வண்ணம் பூசி வந்துவிடும். அதன் சாமர்த்தியம் அடிப்பாகத்தில் இருக்கிறது. பீடத்துக்குள் ஒரு சக்கரம். பீடத்தின் ஓரத்தில் சின்னச் சாளரம். வீரன் அடிபட்டால் சக்கரத்தை ஒரு ‘கிளிக்’ திருப்ப வேண்டும். சாளரத்தில் தெரியும் எண்கள் மாறி அவன் பலம் குறையும். காகிதமும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போடும் வேலையை இது இல்லாமல் ஆக்கியது. நல்ல கண்டுபிடிப்பு, அதில் சந்தேகமில்லை.

ஆனால் அதை விற்ற முறை வேறு. மூடிய பெட்டிக்குள் என்ன உருவம் இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. சில உருவங்கள் அடிக்கடி வரும், சில அரிதாகவே வரும். ஒரே வீரன் மூன்று தரங்களில் வருவதும் உண்டு. அரியது கிடைக்கும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்க வாங்கச் சாதாரண உருவங்கள் வீட்டில் குவியும். இந்த வியாபாரத்தில் உபரி என்பது தற்செயலாக வந்ததல்ல, விற்பனை முறையிலேயே அது இருந்தது.

உற்பத்திக்கு எது கடிவாளம்?

செம்மரம் தெற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலையில், சேஷாசலம் முதல் நல்லமலை ஓரம் வரையிலான சில மாவட்டங்களில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. வளர்ச்சி மிக மெதுவானது. வைரம் பாய்ந்த கட்டை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். 1995 முதல் அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில் அது இருக்கிறது. காட்டுக்குள் வெட்டுவது குற்றம். ஆகவே எத்தனை கிராக்கி இருந்தாலும் செம்மர மரப்பாச்சியை இஷ்டத்துக்குக் குவிக்க முடியாது. ஏர்ப்பேடு அருகே மாதவமாலையில் மரச்சிற்பம் செய்யும் குடும்பங்கள் வேறு மரங்களிலும் செதுக்குகின்றன. அங்கேயும் ஒரு கை ஒரு நாளில் செய்யக்கூடியதற்கு மேல் செய்யாது.

இந்தத் தட்டுப்பாட்டை வெறுமனே புகழ்ந்துவிட்டு நகர்வது நியாயமாகாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் செத்தார்கள். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து கூலிக்குக் கூட்டிப் போகப்பட்ட ஏழைகள் அதில் இருந்தார்கள். கட்டையின் விலை கூடக் கூட, உயிரைப் பணயம் வைத்தவன் வெட்டுக்கூலிக்குப் போனவன். லாபம் வேறு எங்கோ போனது. பொருள் அரிதாக இருப்பது கடைக்காரருக்கு நல்லதாக இருக்கலாம், எல்லோருக்கும் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

பிளாஸ்டிக் உருவத்துக்கு இப்படி ஒரு கடிவாளமும் இல்லை. அச்சு செய்யத்தான் பெரும் செலவு. அச்சு தயாராகிவிட்டால் ஆயிரமாவது உருவத்துக்கும் லட்சமாவது உருவத்துக்கும் ஆகும் செலவு சொற்பம். போட்ட முதலை எடுக்க ஒரே வழி, மேலும் மேலும் அடித்துத் தள்ளுவது. அதனால் நிறுத்தும் பொறுப்பு முழுக்க நிறுவனத்தின் மனக்கட்டுப்பாட்டில் விடப்படுகிறது. விற்பனை ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டுப்பாடு யாருக்கும் எளிதில் வராது.

கடைக்காரர் கணக்கு

அமெரிக்க விளையாட்டுக் கடைகளில் வழக்கம் இது: சரக்கை மாதக் கணக்கில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், வாங்கினால் வாங்கியதுதான், திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு புது வெளியீட்டுக்குக் கிராக்கி பிறந்ததும் மொத்த வியாபாரி எல்லோருக்கும் பங்கிட்டுத் தருகிறார். 50 பெட்டி கேட்டவருக்கு 25 வருகிறது. அடுத்த முறை அவர் 100 கேட்கிறார், பாதி வந்தாலும் 50 கிடைக்குமே என்று. எல்லாக் கடைகளும் இதையே செய்கின்றன. நிறுவனம் இந்தக் கணக்கைப் பார்த்து, கிராக்கி இரட்டித்துவிட்டது என்று நம்பி அச்சடிக்கிறது. கடைசியில் கேட்ட 100-ம் ஒரே நாளில் கடை வாசலில் வந்து இறங்குகிறது. வாங்க வந்தவர்கள் எண்ணிக்கை மட்டும் பழைய 50-தான்.

கடையின் கணக்கை எளிய எண்களில் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெட்டியின் விலை 10, அடக்கம் 6 என்று வைத்துக்கொள்வோம். 100 பெட்டிக்கு முதல் 600. முதல் 60 பெட்டி விற்றால் போட்ட பணம்தான் திரும்பும்; வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம் மீதி 40 பெட்டியிலிருந்து வர வேண்டும். அந்த 40-ல் 30 தேங்கினால் கையில் நிற்பது 100. இதற்குள் பணமுடை வந்த எவரோ ஒருவர் அடக்கத்துக்கும் கீழே விற்கத் தொடங்கினால், எல்லோருடைய சரக்கும் அன்றைக்கே விலை இறங்கிவிடும். நிறுவனத்துக்கோ பெட்டி கிடங்கை விட்டுக் கிளம்பியபோதே காசு வந்துவிட்டது. மிகையாக உற்பத்தி செய்தவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர்.

திருப்பதியில் இந்த அழுத்தம் வேறு வடிவில் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் அறுபது, எழுபதாயிரம் பேர் திருமலையில் தரிசனம் செய்கிறார்கள். இன்று வாங்காத பொம்மையை நாளை வரும் வேறொருவர் வாங்கக்கூடும். புதுப் பொம்மை இல்லையென்றால் வரமாட்டேன் என்று சொல்லும் வாடிக்கையாளர் அங்கே குறைவு. சித்தூர்க் கடைக்கு அந்த வசதி இல்லை. வாடிக்கையாளர்கள் தெரிந்த முகங்கள், சீசன் சில வாரங்கள். விஜயதசமி முடிந்தால் மீதிச் சரக்கு அடுத்த வருடம்வரை பரணில். அந்த வகையில் அமெரிக்க விளையாட்டுக் கடைக்கு நெருங்கிய உறவு சித்தூர்க் கடைதான்.

பழசாகிறதா, இல்லையா?

எண்ணிக்கை மட்டுமே காரணமென்றால் பரணில் ஏறிய மரப்பாச்சியும் சித்தூர்க் கடையை மூழ்கடித்திருக்க வேண்டும். அப்படி ஆவதில்லை. ஒரு வருடம் தங்கிய மரப்பாச்சியைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் அடுத்த நவராத்திரிக்கு அதே விலைக்குப் போகும். மர விலை ஏறியிருந்தால் கூடுதலாகவும் போகும். 2020 மார்ச் 20 முதல் ஜூன் வரை திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நின்றது. கடைகளுக்கு வருமானம் அறுந்தது, வாடகை பாக்கி ஏறியது. அந்தத் துயரம் பெரிது. ஆனாலும் கூட்டம் திரும்பியபோது தட்டிலிருந்த மரப்பாச்சியை எவரும் பழைய மாடல் என்று ஒதுக்கவில்லை.

மேஜ் நைட் விஷயத்தில் காலம் கடைக்காரருக்கு எதிரி. ஒரு வெளியீடு கடைக்கு வந்து சில மாதங்களில் அடுத்தது வரும். புதியதில் பலம் கூடிய வீரர்கள். 2003-இல் விளையாட்டின் விதிகளையே மாற்றி இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அதிகாரபூர்வப் போட்டிகளில் பழைய உருவங்களுக்கு இடம் சுருங்கியது. கடையில் திறக்கப்படாமல் இருந்த பழைய பெட்டிகளின் மதிப்பு, ஒரு கீறல்கூட விழாமலே சரிந்தது. அதே 2003-இல் டாப்ஸ் நிறுவனம் விஸ்கிட்ஸை வாங்கியது. 2008 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு நெக்கா என்ற நிறுவனம் வாங்கியதால், அதே சக்கரப் பீடம் கொண்ட ‘ஹீரோகிளிக்ஸ்’ விளையாட்டு பிழைத்தது. மேஜ் நைட்டின் சேகரிப்பு உருவங்களோ அதற்கு முன்பே நின்றுவிட்டன.

உபரி ஒரு கடையை நெருக்கும், உண்மைதான். அந்த உபரியோடு காலாவதியும் சேரும்போதுதான் கடை மூடுகிறது. இந்த ஒப்பீட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு இதுவே.

இன்னொரு வேறுபாடும் இதோடு சேர்ந்தது. சேகரிப்பு உருவத்தை வாங்கியவர்களில் ஒரு பகுதியினர், நாளை விலை ஏறும் என்று நம்பி வாங்கினார்கள். நம்பிக்கை தளர்ந்ததும் வீட்டிலிருந்த குவியல் பழைய சரக்காகச் சந்தைக்குத் திரும்பி, கடையிலிருந்த புதுச் சரக்கோடு போட்டியிட்டது. கொலுப் பொம்மை அப்படித் திரும்பி வருவது அபூர்வம். அம்மாவிடமிருந்து மகளுக்கோ மருமகளுக்கோ போகும். உடைந்தால் ஆற்றில் விடுவார்கள். வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்ற வழக்கமும் உண்டு. ஒரு வீடு, ஒரு வருடம், ஒன்றிரண்டு பொம்மை: பெரிய லாபம் தராது, ஆனால் ஒரு கடை தலைமுறைகளாகத் தாக்குப்பிடிக்கப் போதுமான கிராக்கி.

கொலுவுக்குள் வரும் ஆபத்து

இதுவரை சொன்னதால் நம் பொம்மைக் கடைகளுக்கு ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. 2019-இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தார். அந்த நவராத்திரிக்கு எங்கு பார்த்தாலும் அத்திவரதர் பொம்மை. கிரிக்கெட் செட், ராக்கெட் செட் என்று அந்தந்த வருடத்துப் பேச்சை ஒட்டி வருபவையும் பெருகிவிட்டன. குழந்தைகளைக் கொலுப்படியின் பக்கம் இழுக்க இவை உதவுகின்றன என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இவற்றில் பலவற்றின் ஆயுள் ஒரு சீசன். அச்சு வார்ப்பில் எத்தனை வேண்டுமானாலும் வரும். பேச்சு ஓய்ந்ததும் கேட்க ஆள் இராது. மேஜ் நைட் பெட்டியின் இரண்டு குணங்களும் இதில் சேர்ந்துவிட்டன.

இதில் முதலில் மாட்டப்போவது சித்தூர் போன்ற ஊர்களின் சிறு கடைகள். திருப்பதிக் கடை புது யாத்ரீகர்களை நம்பிக் கொஞ்ச காலம் சமாளிக்கும். சித்தூர்க் கடைக்குப் போன வருடம் பார்த்த அதே முகங்கள்தான் வரும். போன வருடத்துச் செட்டை அவர்கள் வாங்க மாட்டார்கள்.

செய்யக்கூடியவை எளியவை. சீசன் செட்டுக்குப் போடும் முதலுக்கு ஒரு வரம்பு வைத்து, முழுதும் தேங்கினாலும் வாடகை நிற்காத அளவுக்குள் வாங்கலாம். பெரும்பகுதி முதலை மரப்பாச்சி, தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் பொம்மை போன்ற வருடம் தாங்கும் சரக்கில் வைக்கலாம். சீசன் செட்டை ஊக்கப்படுத்தும் மொத்த வியாபாரி, விற்காததில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர்கள் சேர்ந்து கேட்கலாம். திருப்பி எடுக்க வேண்டும் என்று தெரிந்தால் அடித்துத் தள்ளுகிறவரின் கை தானாகவே நிதானிக்கும். அமெரிக்கக் கடைகளிடம் அந்த ஒரு நிபந்தனை இருந்திருந்தால், 50 கேட்கும் ஊருக்கு 100 பெட்டி அனுப்பும் துணிச்சல் எந்த நிறுவனத்துக்கும் வந்திராது. நம் ஊர்க் கடைகள் அதைக் கேட்பதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.