வரி கட்டியவரும் வாக்களித்தவரும்: சென்னை மாமன்றத்தின் வரலாறு

இந்தியாவின் நகராட்சி அமைப்புகளில் மிகப் பழமையானது சென்னை மாநகராட்சி என்ற பெருமை பலகாலமாகப் பேசப்பட்டு வருகிறது. ஆனால் அது எந்தத் தேவைக்காக உருவாக்கப்பட்டது என்பதும், நகரவாசிக்கு அதில் எப்போது, எந்த அளவுக்கு இடம் கிடைத்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கோட்டைக் காவலுக்கும் நகரப் பராமரிப்புக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி கேட்ட வரியை, கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்து மக்கள் எளிதில் தர முன்வராத நிலையில், தம்மவர் சிலர் அமர்ந்திருக்கும் அவை விதிக்கும் வரியை அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று கணக்கிட்டவர் லண்டனில் கம்பெனியின் தலைவராக இருந்த ஜோசையா சைல்டு. அதன்படி இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1687 டிசம்பர் 30 நாளிட்ட சாசனத்தின் வழியே ஒரு மேயரும், ஆல்டர்மேன் எனப்பட்ட 12 மூத்த உறுப்பினர்களும், பர்ஜஸ் எனப்பட்ட 60 நகரப் பிரதிநிதிகளும் கொண்ட அமைப்பு உருவாகி, 1688 செப்டம்பர் 29 அன்று நத்தானியேல் ஹிக்கின்சனை முதல் மேயராகக் கொண்டு செயல்படத் தொடங்கியது. ஆல்டர்மேன்களில் மூவர் உள்ளூர் இந்து வணிகர்கள். எவரையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வரி எதிர்பார்த்தபடி வசூலாகவில்லை என்பதால், அவ்வமைப்பு நகராட்சி என்பதைவிட வழக்குகளைத் தீர்க்கும் மேயர் நீதிமன்றமாகவே நெடுங்காலம் அறியப்பட்டது.

வரி கட்டுபவருக்கு வாக்கும் உண்டு என்ற கொள்கை சட்டத்தில் ஏற ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. 1867ஆம் ஆண்டுச் சட்டம் நகரை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, கமிஷனர்கள் என்ற பெயரில் 32 உறுப்பினர்களை அரசே நியமிக்க வழிசெய்தது. 1878இல் அவர்களில் பாதிப் பேரையும், 1884இல் 24 பேரையும் வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. வரி செலுத்துவோர் என்பதால் குடிசைவாசிகளும் கூலிகளும் இக்கணக்கில் வரவில்லை. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பது விடுதலைக்குப் பின்னரே நடைமுறைக்கு வந்தது.

அதிகாரம் ஓரளவு கைக்கு வந்தபோது மாமன்றம், அதாவது கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் அவை, வீணாக இருந்துவிடவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியதும், 1939இல் மேயரான சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் போராடி 1940இல் பணியைத் தொடங்கவைத்ததும் (1944இல் அது முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை) நகரவாசியின் அன்றாடத்தைத் தொட்ட செயல்கள். கட்சிகளுக்கோ மாமன்றம் ஏணியாகவும் பயன்பட்டது: 1959இல் 100 இடங்களில் 45ஐ வென்று தி.மு.க. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் மேயர் பதவியைப் பிடித்தது. எட்டாண்டுகளில் மாநில அரசின் இருப்பிடமான கோட்டையையும் பிடித்தது.

அந்தக் கட்சியின் மாநில அரசே 1973இல் மாமன்றத்தைக் கலைத்தது. வேலைக்கு வராதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டதாக எழுந்த மஸ்டர் ரோல் ஊழல் குற்றச்சாட்டே இதற்குக் காரணம். மஸ்டர் ரோல் என்பது தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு. குற்றச்சாட்டு கடுமையானதுதான். ஆனால் தவறிழைத்தோரைத் தண்டித்துவிட்டு மறுதேர்தல் நடத்துவதற்கு மாறாக, மாமன்றத்தின் அதிகாரம் முழுவதையும் தனி அதிகாரி எனப்படும் அரசு அலுவலரிடம் ஒப்படைத்த ஏற்பாடு, ஆட்சிகள் பல மாறியும் 23 ஆண்டுகள் நீடித்தது. 1986இல் மற்ற நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபோதும் தலைநகருக்கு நடக்கவில்லை. ஒரு தலைமுறை சென்னைவாசிகள் கவுன்சிலர் என்ற ஆளையே காணாமல், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோ, சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில் நின்றோ காலம் கழித்தனர். இந்த இடைவெளியில் 1978இல் அமைந்த குடிநீர் வாரியத்துக்குக் குடிநீரும் கழிவுநீரும் போயின. நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் போனது. மாமன்றம் திரும்பியபோது இவை திரும்பவில்லை. குழாயில் தண்ணீர் வராததற்குக் கவுன்சிலரைத் திட்டும் நகரவாசி, அவரிடம் இல்லாத அதிகாரத்துக்காகவே பெரும்பாலும் அவரைத் திட்டுகிறார்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபின், 1996இல் சென்னை மக்கள் மு.க. ஸ்டாலினை நேரடியாக மேயராகத் தேர்ந்தெடுத்தனர். 2006இல் மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தனர். 2011இல் மீண்டும் மக்களே தேர்ந்தெடுத்தனர். அதன்பின் 2016இல் மறைமுகத் தேர்தல், 2018இல் நேரடித் தேர்தல், 2019இல் மறுபடியும் மறைமுகத் தேர்தல் என்று சட்டம் திருத்தப்பட்டதில், நகரவாசியின் விருப்பம் கேட்கப்பட்டதற்கான அடையாளம் ஏதுமில்லை. இதற்கிடையே பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் 2016 அக்டோபர் தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தனி அதிகாரி ஆட்சியே தொடர்ந்தது. அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த கால வரம்பையும் மீற முடியும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

2022 பிப்ரவரியில் 200 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்து, பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மாமன்றம் மார்ச்சில் பொறுப்பேற்றது. பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மேயர் பதவிக்கு ஆர். பிரியா தேர்வானார். அடுத்த மாதமே சொத்து வரியை 150 சதவீதம் வரை உயர்த்தும் அறிவிப்பு வந்தது. அதை வெளியிட்டது மாநில அரசு. மாமன்றம் பின்னர் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டது.