48 மணி நேரத்தின் கதை

‘அந்தக் கால லேபர் வார்டு’ பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் என்னைக் கேட்டார்கள். வெறும் பழங்கதை சொன்னால் இளைய மாணவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆகவே இன்றைக்கும் வேலைக்கு ஆகும் ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். மாதம் நிறையும் முன்பே வரும் பிரசவ வலியை மருந்தால் தள்ளிப்போட மருத்துவ உலகம் பட்ட பாடுதான் அது.

என் செட்டுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏழாம் மாதத்தில் வலி என்று ஒருத்தி வந்தால் கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்து, டுவாடிலான் போடுவோம். ‘வலி நின்னுடுச்சு டாக்டர்’ என்று சிஸ்டர் வந்து சொன்னால் வார்டே நிம்மதியாகும். அதில் இருந்த மருந்து ஐசாக்ஸுப்ரின். கர்ப்பப்பைத் தசையைத் தளர்த்துவது அதன் வேலை; 1960-களில் புழக்கத்துக்கு வந்தது.

அடுத்து வந்ததைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். சாராயம்! 1967-இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஃபுக்ஸும் சகாக்களும், எத்தில் ஆல்கஹாலை டிரிப்பில் ஏற்றி வலியை அடக்கலாம் என்று எழுதினார்கள். பிட்யூட்டரியிலிருந்து ஆக்ஸிடோசின் வெளிவருவதை ஆல்கஹால் தடுக்கும் என்பது கணக்கு. ஆனால் தாய்க்கு வாந்தியும் போதையும் வந்தன. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் ஆல்கஹால் போய்ச் சேர்ந்தது. நாளடைவில் அந்த வைத்தியம் மறைந்தது.

1980-இல் ரிட்டோட்ரினுக்கு அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. இனிக் கவலையில்லை என்று பலரும் நம்பினார்கள். 1992-இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. 708 பெண்களில் ஒரு பாதிக்கு ரிட்டோட்ரின், மறு பாதிக்கு வெறும் டம்மி மருந்து. ரிட்டோட்ரின் ஓரிரு நாள் பிரசவத்தைத் தள்ளிப்போட்டது உண்மை. ஆனால் குழந்தை இறப்பு குறையவில்லை, எடை கூடவில்லை, மாதம் நிறையும்வரை கர்ப்பம் நீடிக்கவும் இல்லை. தாய்க்கோ படபடப்பு, சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து.

அப்படியென்றால் அந்த ஓரிரு நாளால் என்ன லாபம்? இதற்கு விடை இருபது வருடம் முன்பே நியூசிலாந்தில் கிடைத்திருந்தது. ஆக்லாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் செம்மறியாடுகளிடம் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்தார். ஸ்டீராய்டு கொடுத்தபின் குறைமாதத்தில் பிறந்த குட்டி, பிழைக்காது என்று நினைத்ததற்கு மாறாக மூச்சுவிட்டது! உடனே குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மாரிடம் பீட்டாமெத்தசோன் ஊசியைச் சோதித்தார். 1972-இல் முடிவு வெளியானது. எதிர்பாராமல் முன்கூட்டியே பிறந்த குழந்தைகளில் மூச்சுத்திணறல் நோய் 25.8 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. முதல் வார இறப்பு 15 சதவீதத்திலிருந்து 3.2 ஆனது. ஊசி வேலை செய்ய அவகாசம் வேண்டுமே! அதற்காகத்தான் அந்த ஆய்விலும் வலியை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தார்கள்.

இரண்டு கதைகளும் சேரும் இடம் இதுதான். வலியை நிறுத்தும் மருந்து நமக்கு வாங்கித் தருவது சுமார் 48 மணி நேரம். குழந்தையின் நுரையீரலைத் தயார்செய்வது ஸ்டீராய்டு. பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குத் தாயை அனுப்பி வைப்பது நம் கடமை. பின்னிரண்டும் இல்லாவிட்டால் முதலாவது வீண்.

இன்று பலரும் எடுப்பது நிஃபெடிபின். 1980-இல் ஸ்வீடனில் முதலில் முயன்றார்கள், விலையும் மலிவு. 2014-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், 24 முதல் 34 வாரத்துக்குள் வலி வந்த தாய்க்கு மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் டெக்சாமெத்தசோன் ஊசியைக் கிராம செவிலியரே போடலாம் என்றது. இந்தியாவும் சேர்ந்த ஐந்து நாட்டு ஆய்வு 2020-இல் வெளிவந்தது. டெக்சாமெத்தசோன் பெற்ற குழுவில் பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 சதவீதத்துக்குப் பதில் 19.6 தான்.

மாணவர்களே, ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கர்ப்பப்பையில் கிருமித்தொற்று, அதிக உதிரப்போக்கு, இவை இருந்தால் வலியை நிறுத்தக் கூடாது. மற்ற நேரங்களில் ‘வலி நின்னுடுச்சா?’ என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். ‘டெக்சா போட்டாச்சா? ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா?’ என்றும் கேளுங்கள். ஒரு குழந்தையின் முதல் மூச்சு அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.