நாள் கணக்கும் சட்டமும்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் காரியாபட்டி என்னும் ஊர் இருக்கிறது. அதனைச் சுற்றியுள்ள திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமை முழுவதும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிடில் பருத்தியும் கம்பும் குதிரைவாலியும். அவையும் பொய்த்தால் சீமைக் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுதல். இம்மண்ணில் உழுபவர்கள் நாள் கணக்கை நன்கு அறிந்தவர்கள். விதைக்க வேண்டிய ஈரத்தில் நான்கு நாள் தவறினால் ஆண்டு முழுவதற்குமான சோறு தவறிவிடும் என்பது அவர்கள் பட்டு அறிந்த உண்மை.

அவ்வூர்ப் பெண்களுக்கு இன்னொரு நாள் கணக்கும் உண்டு. 'நாள் தள்ளிப் போயிற்று' என்று ஒருத்தி மற்றொருத்தியிடம் குரலைத் தாழ்த்திக் கூறுவதைச் சிறுமியாக இருந்தபோது நான் கேட்டிருக்கிறேன். சில வீடுகளில் அது மகிழ்ச்சிச் செய்தி. சில வீடுகளில் அச்சம் தரும் செய்தி. மடியில் ஒரு குழந்தையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாகக் களை வெட்டப் போகிறவளுக்கு, அடுத்த கர்ப்பம் உயிர்ப் பிரச்சினையாகிவிடுவதும் உண்டு. அந்த அச்சத்தைச் சட்டமும் மருத்துவமும் எவ்வாறு எதிர்கொண்டன என்னும் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன். மாணவ நேயர்கள் இதனைக் கேட்கக் கூச வேண்டியதில்லை. உடலைப் பற்றிய அறியாமை எவரையும் காப்பாற்றியதாக வரலாற்றில் சான்று இல்லை.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தன் 312-ஆம் பிரிவில், கருவைக் கலைப்பது குற்றம் என்று விதித்தது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்தால் மட்டுமே விலக்கு. தன் கருவைத் தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. மூன்றாண்டு வரையிலும், கருவில் உயிர்த்துடிப்பு உணரப்பட்ட பின்னராயின் ஏழாண்டு வரையிலும் சிறைத்தண்டனை. அக்காலத்து இங்கிலாந்தின் சிந்தனைப் போக்கை ஒட்டியே இப்பிரிவு அமைந்தது.

இச்சட்டத்தினால் கருக்கலைப்பு நின்றுவிட்டதா? இல்லை. கைகண்ட டாக்டரிடம் போக முடியாதவள் கைவைத்தியம் செய்வோரிடம் போனாள். எருக்கங் குச்சியும் காரமான சூரணங்களும் எத்தனையோ பெண்களின் கருப்பையைப் புண்ணாக்கின. சீழ்பிடித்த காய்ச்சலாலும் நிற்காத உதிரப்போக்காலும் அவர்கள் இறந்தபோது, 'வயிற்றுவலி' என்று ஊருக்குச் சொல்லப்பட்டது.

இதற்கு மாற்று வேண்டும் என்ற எண்ணம் மெல்ல மெல்லவே எழுந்தது. தமிழ்நாட்டில், பெண்ணின் விடுதலைக்கே கர்ப்பத்தடை தேவை என்று பெரியார் 1930-களிலேயே வாதிட்டார். எனினும் அது கரு உருவாகாமல் தடுப்பதைப் பற்றிய விவாதம். உருவான கருவைப் பற்றிய சட்டம் மேலும் பல ஆண்டுகள் அசையாமல் இருந்தது.

1964-ஆம் ஆண்டில் மத்திய அரசு, மகாராஷ்டிர மாநில அமைச்சராக இருந்த சாந்திலால் ஷாவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 1966-ஆம் ஆண்டின் இறுதியில் அறிக்கை அளித்தது. மறைவிடங்களில் நிகழும் கருக்கலைப்புகளே பெண்களின் உயிரைப் பறிக்கின்றன என்றும், தகுதி பெற்ற மருத்துவர் செய்வதற்குச் சட்டம் வழிவிட வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. 1967-இல் பிரிட்டனிலும் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. இந்தியப் பாராளுமன்றம் 1971-ஆம் ஆண்டில் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1972 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

தாயின் உயிருக்கோ, உடல் நலத்திற்கோ, மன நலத்திற்கோ கேடு நேரும் நிலை. குழந்தை கடுங்குறையுடன் பிறக்கக்கூடிய நிலை. பலாத்காரத்தால் உண்டான கர்ப்பம். மணமான தம்பதியர் கையாண்ட கருத்தடை முறை தவறியமை ஆகிய காரணங்களை இச்சட்டம் ஏற்றது. பன்னிரண்டு வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், இருபது வாரம் வரை இரு மருத்துவரின் கருத்தும் போதும் என்றது. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணாயின் அவளுடைய சம்மதமே போதுமானது. கணவனின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. இஃது இன்றும் பலர் அறியாத செய்தி.

சட்டம் வந்துவிட்டது; ஆனால் டாக்டர் வந்துவிட்டாரா? அன்று கருக்கலைப்பு என்றாலே கருவியைக் கொண்டு செய்யும் சிகிச்சைதான். அதற்குப் பயிற்சி பெற்ற கையும், அதற்கென அங்கீகாரம் பெற்ற இடமும் வேண்டும். காரியாபட்டியைப் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று, 'எங்கே போகிறாய்?' என்ற கேள்விக்குப் பதிலும் சொல்லியாக வேண்டும். தயங்கித் தயங்கி வாரங்கள் கழிந்தன. கழிந்த ஒவ்வொரு வாரமும் ஆபத்தை மிகுவித்தது.

இந்நிலையில் விஞ்ஞானம் வேறொரு கதவைத் திறந்தது. கர்ப்பம் நிலைப்பதற்குப் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் இன்றியமையாதது. கருப்பையின் உட்பூச்சைக் கருவுக்கு ஏற்ற மெத்தையாக வைத்திருப்பது அதுவே. அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பொருளொன்றைப் பிரான்சு நாட்டின் ரூசெல்-உக்லாஃப் நிறுவனத்து வேதியியலார் 1980-இல் உருவாக்கினர். மிஃபெப்ரிஸ்டோன் என்பது அதன் பெயர். அதனைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்தலாம் என்று முன்னின்று வாதிட்டவர் எத்தியேன் போலியோ என்னும் அறிஞர். 1988-இல் பிரான்சு அரசு அனுமதி அளித்தது. எதிர்ப்புக்கு அஞ்சி அந்நிறுவனம் மருந்தைத் திரும்பப் பெற்றபோது, இது பெண்களுக்கு உரிய தார்மிகச் சொத்து என்று கூறி, மீண்டும் விநியோகிக்கும்படி அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் ஆணையிட்டார்.

இம்மருந்து தனியே நின்று முழுப்பயன் தருவதில்லை. ஓரிரு நாள் இடைவெளிக்குப் பின் மிசோப்ரோஸ்டோல் என்னும் இரண்டாவது மருந்து கொடுக்கப்படும். அது கருப்பையைச் சுருங்கச் செய்து கருவை வெளியேற்றும். வயிற்றுப் புண்ணுக்கென்று முதலில் ஆக்கப்பட்ட மருந்து இது என்பது விந்தையே. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இவ்விரண்டையும் சேர்த்து இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெறச் செய்தது.

இந்தியாவில் மிஃபெப்ரிஸ்டோனுக்கு 2002-ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. முதலில் ஏழு வாரம் வரை. இன்றைய விதிகளின்படி ஒன்பது வாரம் வரை. டாக்டரின் சீட்டின்றி இதனை விற்றல் ஆகாது. 'மாத்திரைதானே, டாக்டர் எதற்கு?' என்று கேட்பவர் உண்டு. முதலாவதாக, நாள் கணக்கு சரியா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதாக, கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் இம்மருந்து அதனைக் கலைக்காது. குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்து நேரும். மூன்றாவதாக, நம் ஊர்ப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் இரத்தசோகை கடுமையாக இருந்தால், சாதாரண உதிரப்போக்கும் பெரும் தீங்காகும். இறுதியாக, கரு முழுவதும் வெளியேறிற்றா என்று இரு வாரங்களில் மீண்டும் சோதிக்க வேண்டும். டாக்டரின் துணையுடன் உரிய காலத்தில் உட்கொண்டால், இது மிகப் பாதுகாப்பான சிகிச்சைகளுள் ஒன்று.

ஆனால் நடப்பது என்ன? 2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நிகழ்ந்ததாக ஆய்வாளர் கணித்தனர். அவற்றுள் நூற்றுக்கு 73 மருத்துவமனைகளுக்கு வெளியே, மாத்திரையால் நிகழ்ந்தவை. எருக்கங் குச்சியைவிட மாத்திரை எவ்வளவோ மேல். ஆயினும் ஆலோசனை கூறவும், ஆபத்தில் கைகொடுக்கவும் ஒருவருமின்றி உட்கொண்டவர் பலர் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

சட்டமும் காலத்தோடு நடந்திருக்கிறது. 2021-இன் திருத்தம் இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும் என்றும், குறிப்பிட்ட சில நிலையிலுள்ள பெண்களுக்கு இருபத்து நான்கு வாரம் வரை உரிமை உண்டு என்றும் கூறியது. பெண்ணின் பெயரை வெளியிடுதல் தண்டனைக்குரியது என்றும் விதித்தது. மணமாகாத பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு குழப்பத்தையும் நீக்க வேண்டும். கருவின் பாலை அறிந்து பெண் கருவை அழிப்பதைத் தடுக்க 1994-இல் தனிச் சட்டம் வந்தது. அது வேண்டிய சட்டம். ஆனால் ஒன்பது வாரத்திற்குள் ஸ்கேனில் கருவின் பால் புலப்படாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, முறையாக வந்த பெண்ணையும் திருப்பி அனுப்பினால், அவள் மீண்டும் மறைவிடத்தையே நாடுவாள்.

நேயர்களே, சட்டம் வாரங்களை எண்ணுகிறது. மருந்தும் வாரங்களை எண்ணுகிறது. அவ்வாரங்களைத் தின்றுவிடுவது நாணமும் அறியாமையும் ஆகும். நாளை உங்கள் தமக்கையோ, தோழியோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ குரலைத் தாழ்த்தி 'நாள் தள்ளிப் போயிற்று' என்று கலங்கினால், அவளைப் பழிக்காமல், ஊருக்குச் சொல்லாமல், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். குழந்தையைப் பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். அந்த முடிவுக்குரிய நாட்கள் வீணாகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. ஈரம் காயுமுன் விதைக்க வேண்டும் என்று அறிந்த மண்ணுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.