பாட்டுக்கு இருந்த விலை

எந்த மாதிரிப் படம் பணம் பண்ணும் என்பது பட முதலாளிகளுக்குத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

டாக்கி வந்த புதிதில் பாட்டுத்தான் மூலதனம். 1934-இல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறக்குறைய 50 பாட்டுகள். கதை என்பது பாகவதர் மூச்சு வாங்கிக்கொள்வதற்காக ஏற்பட்டது போலும்! தியாகராஜ பாகவதர் வாயைத் திறந்தால் புராணம் பணமாகக் கொட்டிற்று. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவற்றில் பின்னிரண்டு தீபாவளிகளையும் பாகவதர் சிறையில் கழித்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. வெளியே கொட்டகையில் அவர் பாடிக்கொண்டே இருந்தார்.

1947-இல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அடுத்த ஆண்டு 'ராஜமுக்தி' விழுந்தது. குரலில் குறையில்லை, இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள். ஜனங்களின் காதுதான் மாறிவிட்டது. மேடைப் பேச்சைக் கேட்டு ருசி கண்ட காது அது. அண்ணாதுரை எழுதிய 'வேலைக்காரி' 1949-இல் ஓடிற்று. 1952-இல் 'பராசக்தி'யின் கோர்ட்டு வசனத்தை ஊரே மனப்பாடம் செய்தது. அதே ஆண்டில் வந்த பாகவதரின் 'அமரகவி' எடுபடவில்லை. 1959-இல் அவர் காலமானார்.

புராணப் படத்துக்கு இனி வசூல் இல்லை என்று பலரும் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். 1965-இல் 'திருவிளையாடல்' வெள்ளிவிழாக் கொண்டாடியது. சிவபெருமானாக வந்தவர் யார் என்கிறீர்கள்? 'பராசக்தி' கதாநாயகர் கணேசன்தான். நக்கீரரோடு அவர் நடத்தும் வாதத்தில் அந்தக் கோர்ட்டுக் காரம் குறையவில்லை. பாட்டுக்கும் பஞ்சமில்லை; பாகவதர் காலத்துப் பாட்டு நடிகர் டி. ஆர். மகாலிங்கத்துக்குக்கூட அதில் ஒரு வேஷமும் பாட்டும் கிடைத்தன.

பாகவதர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.