பெரியகுளம் வட்டாரத்தில் ஆண்பிள்ளைப் பெயர்கள்

தேனி மாவட்டத்தின் பெரியகுளத்திலும் அதை அடுத்த கம்பம் பள்ளத்தாக்கிலும் ஆண் குழந்தைக்குப் பாட்டன் பெயரை இடுவது நெடுங்கால வழக்கம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபு; பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். இன்று அந்தப் பாட்டன் பெயரே 'பழைய பெயர்' என்று ஒதுக்கப்படுகிறது. எந்தப் பெயர் பழையது, எது அழகானது என்பதில் தலைமுறைகளுக்கு இடையே கருத்து வேறுபாடு இருப்பது இயல்பு. இந்த வட்டாரத்தில் அந்த வேறுபாட்டுக்குள் தெய்வம், சாதி, கல்வி, திரைப்படம் ஆகிய நான்கும் அடங்கியுள்ளன.

ஒரே குடும்பத்தில் இதைக் காணலாம். முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் 1951இல் பெரியகுளத்தில் பிறந்தவர். தந்தை பெயர் ஓட்டக்காரத் தேவர். குலதெய்வமான பேச்சியம்மனின் நினைவாக மகனுக்கு முதலில் இட்ட பெயர் பேச்சிமுத்து. அதுவே பின்னர் பன்னீர்செல்வம் ஆயிற்று. அவருடைய மகன், 2019இல் தேனி மக்களவை உறுப்பினரானவர், இரவீந்திரநாத். தந்தை பெயரில் சாதிப் பட்டம் ஒட்டியிருக்கிறது. பேச்சிமுத்து என்றால் எந்தக் கோயில் வகையறா என்று ஊரார் கேட்டுவிடுவார்கள். பன்னீர்செல்வம் தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் வழங்கும் பெயர்; நீதிக்கட்சித் தலைவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வத்தால் நாடறிந்தது. இரவீந்திரநாத் என்பதைக் கொண்டு மாநிலத்தைக்கூடச் சொல்ல முடியாது.

பழைய பெயர்கள் காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்று வைக்கப்பட்டவை அல்ல. கருப்பசாமி, மாயாண்டி, விருமாண்டி, சடையாண்டி ஆகியவை காவல் தெய்வங்களோடும் சிவனோடும் சேர்ந்தவை. உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சாண்டம்மனை வழிபடுவோரிடம் ஒச்சப்பன், ஒச்சாத்தேவர் என்ற பெயர்கள் மிகுதி. சுருளி அருவியும் அங்குள்ள கோயிலும் சுருளிவேல், சுருளியாண்டி போன்ற பெயர்களைத் தந்தன. பெரியகுளத்தில் பிறந்த நகைச்சுவை நடிகர் சுருளிராஜனின் பெயரிலும் அந்தச் சுருளியே இருக்கிறது. இராவுத்தர் குடும்பங்களில் காதர் மைதீன், நாகூர் மீரான் என இறைநேசர்களின் பெயர்கள் இதே இடத்தைப் பெற்றிருந்தன.

முந்திய குழந்தைகள் தங்காமல் இறந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கு மதிப்பற்ற பெயரை இடுவார்கள். குப்பையில் போட்டு எடுத்தால் குப்புசாமி, பிச்சையாகக் கேட்டுப் பெற்றதாகப் பாவித்தால் பிச்சை, மூக்குக் குத்திவிட்டால் மூக்கன் அல்லது மூக்கையா. எமன் கண் படாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. குழந்தை இறப்பு குறைந்த பின் இந்தப் பெயர்களுக்கு வேலை இல்லாமல் போனது. 'பட்டிக்காட்டுப் பெயர்' என்று இன்று சிரிப்பவர் பலருக்கு அது ஒரு தாயின் அச்சத்தில் பிறந்த பெயர் என்பது தெரியாது.

எல்லாரும் சிரிப்புக்குப் பயந்து பெயரை மாற்றவில்லை. கருப்பன், கருப்பையா, கருப்பசாமி மூன்றும் ஒரே தெய்வத்தின் பெயர்தான். ஆனால் யாரை 'ன்' விகுதியோடு அழைக்கலாம், யாரை 'ஐயா' சேர்த்து அழைக்க வேண்டும் என்பதை ஊரின் சாதி வரிசை தீர்மானித்தது. வயதில் மூத்தவரையும் சிறுவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலத்தில், சுரேஷ், ரமேஷ், தினேஷ் என்பவை ஒடுக்கப்பட்டோர் வீடுகளுக்கு விடுதலையாகவும் இருந்தன. அப்பெயர்களைக் கொண்டு எவரும் தெருவைக் கண்டுபிடிக்க முடியாது. வடமொழி மோகம் என்று மட்டும் அதைக் குறை கூறுவது பாதி உண்மையே. சாதிப் பட்டத்தை நீக்கும்படி 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு கேட்டுக்கொண்டதும் இந்த வரலாற்றின் பகுதி.

திரைத்துறைக்குச் சென்ற இவ்வட்டாரத்தார் பலர் பெயர் மாற்றினர். அல்லிநகரம் சின்னசாமி பாரதிராஜா ஆனார். பண்ணைப்புரத்தில் ஞானதேசிகனாகப் பிறந்தவர் பள்ளியில் ராசையா, ஏ. எம். ராஜா என்ற இசையமைப்பாளர் ஏற்கெனவே இருந்ததால் 1976இல் 'அன்னக்கிளி'யின்போது பஞ்சு அருணாசலம் 'இளைய' என்பதைச் சேர்த்தார். பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியின் வைரமுத்து மட்டும் ஊர்ப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார். ஆனால் அவர் மகன்களின் பெயர்கள் மதன் கார்க்கி, கபிலன்.

திரைப்படம் பெயர்களை உயர்த்தியும் இருக்கிறது, தாழ்த்தியும் இருக்கிறது. விருமாண்டி என்ற பெயருக்கு 2004இல் வந்த கமல்ஹாசன் படத்தால் ஒரு மிடுக்கு கிடைத்தது. மொக்கைச்சாமி, மொக்கராசு என்ற பெயர்களுக்கு நேர்ந்தது வேறு. 'மொக்கை' என்பது சுவையற்றதைக் குறிக்கும் கேலிச்சொல்லாகப் பரவியதும், அப்பெயர் கொண்ட மாணவர்கள் வருகைப் பதிவின்போது தலைகுனிய வேண்டியதாயிற்று.

பல வீடுகள் இரண்டு பெயர் வைத்துச் சமாளிக்கின்றன. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தால் பிள்ளையை 'ஐயா', 'ராசா' என்று அழைத்ததிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. இப்போது பிறப்புச் சான்றிதழில் ஆதவன் அல்லது இனியன். குலதெய்வக் கோயிலில் முடியிறக்கும்போது பாட்டன் பெயர். குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் பெயரைப் பதிவேட்டில் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்பதால் வீட்டுக்குள் வாதாட அவகாசமும் இருக்கிறது.

பழையது, புதியது என்ற இந்தக் கணக்கில் சேராத ஒரு பெயரும் பள்ளத்தாக்கில் வழங்குகிறது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் பெயரை உழவர் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு வைத்துள்ளன. அவர் பிறந்த நாளான சனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். உச்சரிக்கக் கடினமான பெயர்தான். பென்னிகுவிக், பென்னிகுக், பென்னிகுயிக் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஆனால் தண்ணீர் பாயும் வயல்காரர்கள் யாரும் அதைப் பழைய பெயர் என்று சொல்வதில்லை.