கவட்டை வலியும் பாலின உடற்கூறும்: ‘பிற காரணங்கள்’ என்ற கடைசி வரிசை

கவட்டை வலி பெரிதும் ஆண் வீரர்களின் சிக்கல் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நிலைபெற்ற கருத்து. கால்பந்துக் காயங்கள் பற்றி வால்டன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் அதையே காட்டுகிறது: மொத்தக் காயங்களில் கவட்டைக் காயத்தின் பங்கு ஆண்களிடம் 12.8 விழுக்காடு, பெண்களிடம் 6.9 விழுக்காடு. இந்த வேறுபாடு மெய்யானது. அதற்குச் சொல்லப்படும் உடற்கூற்று விளக்கம் எதுவரை செல்லும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அவ்விளக்கம் வலுவாக நிற்குமிடம் கவட்டைக் கால்வாய். ஆணில் அதன் வழியே விந்து நாண் இறங்குகிறது. பெண்ணில் கருப்பையின் மெல்லிய வட்டத் தசைநார் செல்கிறது. அகன்ற வழியால் ஆணின் அடிவயிற்றுச் சுவர் அங்கே நலிந்திருக்கிறது. கவட்டைக் குடலிறக்கத்துக்கான வாழ்நாள் வாய்ப்பு ஆண்களுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடாகவும் பெண்களுக்கு 3 விழுக்காடாகவும் இருப்பது இதன் விளைவு. தொடை எலும்பின் கழுத்து புடைத்து இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் உரசும் ‘கேம்’ வடிவமும் ஆண்களிடமே மிகுதி.

பெண்ணுடலின் நலிவிடங்கள் வேறு. ஆழம் குறைந்த இடுப்புக் கிண்ணம் பெண்களிடம் அதிகம். உழைப்புக்கேற்ற உணவு இல்லாமல் மாதவிடாய் தடைப்படும் ஓட்டக்காரிக்குத் தொடை எலும்பின் கழுத்திலோ பூப்பென்பிலோ அழுத்த முறிவு வரலாம். கருப்பை அகப்படலம் இடம் மாறி வளரும் நோயும் கவட்டையில் வலியாக வெளிப்படலாம்.

2014இல் தோஹாவில் கூடிய வல்லுநர்கள் கவட்டை வலியைத் தொடையை உள்ளிழுக்கும் தசை, இடுப்பு மடக்கும் தசை, கவட்டைக் கால்வாய், பூப்பென்பு என நான்காகப் பகுத்து, இடுப்பு மூட்டைத் தனியே வைத்தனர். அழுத்த முறிவும் மகளிர் நோய்களும் ‘பிற காரணங்கள்’ என்ற கடைசிப் பிரிவில் அமைந்தன. இடம் கொடுத்தாகிவிட்டதே என்று கேட்கலாம். பட்டியலில் இடம் இருப்பது வேறு, பரிசோதனையில் முறை வருவது வேறு. தசைப்பிடிப்பு என்று எண்ணி ஓடவிட்ட தொடைக் கழுத்து முறிவு, எலும்பு முழுதும் பிளந்து விலகுவதில் முடியக்கூடும்.

ஒப்பீட்டில் குறைவு என்பதால் சுமை சிறிதாகிவிடாது. நார்வே கால்பந்து வீரர்களை ஆறு வாரம் பின்தொடர்ந்த 2017 ஆய்வில் ஆண்களில் 59 விழுக்காட்டினரும் பெண்களில் 45 விழுக்காட்டினரும் ஒருமுறையேனும் கவட்டைத் தொல்லையைத் தெரிவித்தனர். ஆட்டத்தைத் தவறவிட்டவர்களை மட்டும் எண்ணும் கணக்கில், வலியோடு ஆடுபவர்கள் விழுவதில்லை. ஆயினும் உள்ளிழுக்கும் தசையை வலுப்படுத்தும் கோப்பன்ஹேகன் பயிற்சி கவட்டைத் தொல்லையை 41 விழுக்காடு குறைத்ததாகக் காட்டிய 2019 நார்வே சோதனையில் பங்கேற்றவர்கள் ஆண்கள் மட்டுமே.

ஆகவே உடற்கூறு ஆண்–பெண் வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்குகிறது. வீராங்கனையின் கவட்டையில் கை வைக்குமுன் மாதவிடாய், உணவு, மகப்பேறு பற்றிய மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். அப்போது ‘பிற காரணங்கள்’ அவளுக்கு முதல் வரிசைக்கு வந்துவிடும்.